நெல்மூட்டைக்கு நடுவில் ஒரு ரெக்கார்டிங்: முரசுமோட்டைக்கு வந்த தம்பியின் வேலை எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கடையைப் பற்றிய விமர்சனம் இல்லை. கடையே இல்லாத ஒருவரின் வேலையைப் பற்றியது. சின்ன வேன் ஒன்றில் மைக், வயர், ஸ்டாண்ட், மடிகணினி எல்லாம் ஏற்றிக்கொண்டு நீங்கள் இருக்கிற இடத்துக்கே வந்து, முழுக் குழுவையும் ஒரே நேரத்தில் வாசிக்க விட்டுப் பதிவு செய்து கொடுக்கிறார். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், திருவிழாக் காலத்தில் போன் ஏற்கெனவே ஓயாதாம். ஆகவே இங்கே அவர் வெறும் தம்பி. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மேடையேறுகிற ஆட்களுக்கு யாரென்று விளங்கிவிடும்.

எங்கள் குழுவில் ஆறு பேர். கீபோர்ட், லீட் கிற்றார், டிரம்ஸ், தபேலா, நாதஸ்வரம், பேஸ் கிற்றார் வாசிப்பது நான். கோயில் திருவிழா, கலியாணம், பள்ளிக்கூட விழா, கூப்பிட்டால் எங்கேயும் போவோம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகிற ஏ35 வீதியில் நாங்கள் வயர் இழுக்காத கோயில் வீதி குறைவு. மேடையில் எங்களைக் கேட்டவர்கள் நல்லாச் சொல்வார்கள். ஆனால் கையில் கொடுக்க ஒரு பதிவு இல்லை. போனில் எடுத்த வீடியோக்கள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் ஐஸ்கிரீம் வண்டியின் பாட்டுத்தான் முன்னுக்கு நிற்கும்.

அதனால் இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு டவுனில் இருக்கிற ஏசி ஸ்டூடியோவுக்குப் போனோம். பெயர் வேண்டாம், அவர்கள் தங்கள் முறைப்படி சரியாகத்தான் செய்தார்கள். முறை என்ன என்றால், ஒருவர் பின் ஒருவர். முதலில் டிரம்ஸ் பெடியன் காதில் 'டிக் டிக்' கேட்டுக்கொண்டு தனியே அடித்தான். அடுத்த கிழமை நான் போய் அதன் மேல் பேஸ் போட்டேன். பிறகு கிற்றார், கீபோர்ட், தபேலா. நாதஸ்வர அண்ணையின் முறை கடைசியாக வந்தது. கண்ணாடி அறைக்குள் ஹெட்போனோடு அவரை நிறுத்தினார்கள். இரண்டு நிமிடம் பேசாமல் நின்றார், பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களைப் பார்த்து "ஆருக்குத் தம்பி வாசிக்கிறது?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

வந்த பதிவில் ஒரு பிழை கிடையாது. ஸ்வரம் சுத்தம், தாளம் சுத்தம். ஆனால் எங்கள் கும்மி மெட்டு ஒன்று இருக்கிறது, மேடையில் மூன்றாவது சுற்று வரும்போது கொஞ்சம் வேகம் பிடிக்கும், யாரும் சொல்லி வைத்தது இல்லை, தபேலாக்காரர் ஒரு பார்வை பார்ப்பார், எல்லாரும் சேர்ந்து ஏறுவோம். அந்த ஏற்றம் பதிவில் இல்லை. டிக் டிக் எங்கே ஏற விடும்? ஆறு பேர் ஆறு கிழமையில் வாசித்ததை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது போல இருந்தது, உண்மையில் அதுதானே நடந்தது.

எனக்கு ஜாஸ் என்கிற அமெரிக்க இசைப் பழக்கம் டொரொண்டோவில் இருக்கிற மச்சானால் வந்தது. லீவில் வந்தவர் ஒரு பை நிறையச் சீடிகளை விட்டுவிட்டுப் போனார். முதலில் விளங்கவே இல்லை, எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் பாட்டுக்கு எதையோ வாசிப்பது போல இருந்தது. ஒரு மழைக்காலம் முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் அவர்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு உன்னிப்பாகக் கேட்கிறார்கள் என்று பிடிபட்டது. பிறகு இவர்கள் இதையெல்லாம் எப்படிப் பதிவு செய்தார்கள் என்று தேடப் போனேன், அங்கேதான் எங்கள் ஸ்டூடியோக் கதைக்கு மருந்து கிடைத்தது.

அவர்கள் வழக்கம், ஒருவர் பின் ஒருவராகப் பதிகிற எங்கள் சினிமாப் பாட்டுப் பழக்கத்துக்கு நேர் எதிர். மைல்ஸ் டேவிஸ் என்ற ட்ரம்பெட்காரரின் 'கைண்ட் ஒஃப் ப்ளூ' என்ற இசைத்தட்டு 1959இல் மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் முடிந்தது. இடம், முன்பு தேவாலயமாக இருந்து ஸ்டூடியோவாக மாறிய நியூயோர்க் கட்டடம். வாசித்தவர்களிடம் இருந்தது சுருக்கமான குறிப்புகள்தான். தட்டில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அவர்கள் முழுதாக வாசித்து முடித்த முதல் தடவையே. ரூடி வான் கெல்டர் என்று ஒரு ஒலிப்பதிவாளர், பகலில் கண் பரிசோதிக்கிற வேலை, மிச்ச நேரத்தில் நியூஜெர்சியில் தன் தாய் தகப்பன் வீட்டு ஹோலிலேயே மைக் வைத்துப் பதிவு செய்தார். 1950களின் ஜாஸ் தட்டுகளில் எத்தனையோ அந்த ஹோலில் பிறந்தவை. எல்லாரும் ஒரே அறை, ஒரே நேரம், நேரே டேப்புக்கு. பிழைத்தால் முதலில் இருந்து.

இதைப் படித்துவிட்டுத்தான், கண்ணாடி அறை வேண்டாம், ஒரு ஹோல் போதும் என்ற துணிவு வந்தது.

சரி, தம்பியின் வேலைக்கு வருகிறேன்.

போன் பண்ணியதும் அவர் கேட்ட முதல் கேள்வி "எத்தனை பேர்?" இல்லை, "எத்தனை தரம் சேர்ந்து வாசிச்சிருக்கிறியள் இந்த நாலு உருப்படியையும்?" என்பதுதான். மேடையில் இருபது தரமாவது வாசித்திருப்போம் என்றேன். "அப்ப சரி, இல்லாட்டி ஒரு மாசம் கழிச்சுக் கூப்பிடுங்கோ" என்றார். காசு தருகிறவனிடம் இப்படிக் கேட்கிற ஆளை அன்றைக்குத்தான் கண்டேன். அடுத்த கேள்வி இடம். சதுரமான சீமெந்து அறை வேண்டாம், எதிரொலிக்கும், வகுப்பறையும் வேண்டாம் என்றார். கீபோர்ட் பெடியனின் பெரியப்பாவுக்கு முரசுமோட்டையில் நெல் வைக்கிற பெரிய களஞ்சியம் இருக்கிறது. பங்குனி மாதம், காலபோக வெட்டு முடிந்த கையோடு மூட்டை நிறைந்து கிடந்தது. படம் எடுத்து அனுப்பினோம். "மூட்டையளை வித்துப்போடாதேங்கோ, நான் வாறன்" என்று பதில் வந்தது.

காலை ஒன்பதுக்கு வந்தார். உள்ளே வந்து முதலில் செய்தது கைதட்டியதுதான். நடுவில் நின்று ஒரு தட்டு, மூலையில் ஒரு தட்டு, கதவோரம் ஒரு தட்டு. பிறகு எங்கள் எல்லாரையும் மூட்டை தூக்க விட்டார். 18 மூட்டையை மூன்று அடுக்காக டிரம்ஸுக்கும் தபேலாவுக்கும் நடுவே மதில் போல அடுக்கினோம். தகரக் கூரைக்குக் கீழே இரண்டு படங்கு இழுத்துக் கட்டினோம், நிலத்தில் பாய். நெல்மூட்டை சத்தத்தை எப்படிக் குடிக்கிறது என்று அன்றைக்குப் பார்த்தேன், மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றால் ஸ்னெயர் அடி யாரோ அடுத்த வளவில் அடிப்பது போலக் கேட்டது. ஆனால் முகம் தெரியும் உயரத்துக்கு மேல் அடுக்க விடவில்லை. "ஆளை ஆள் பாக்கேலாட்டி பிறகென்னத்துக்கு ஒண்டா வாசிக்கிறியள்?"

மைக் வைப்பதில் அவர் கை, வேலை நன்றாகத் தெரிந்தவரின் கை. எட்டு உள்வழி உள்ள பெட்டி ஒன்றுதான், அதற்குள் ஆறு பேரையும் அடக்க வேண்டும். டிரம்ஸுக்கு மூன்று, தபேலாவுக்கு ஒன்று, நாதஸ்வரத்துக்கு ஒன்று, கிற்றார் அம்ப்ளிபயருக்கு முன் ஒன்று, பேஸும் கீபோர்ட்டும் நேரே வயரில். ஒரு மைக் வாத்தியத்திலிருந்து ஒரு அடி தள்ளி இருந்தால் அடுத்த மைக் அதிலிருந்து மூன்று அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்ற கணக்கைக் கயிறு பிடித்து அளந்தே செய்தார். நாதஸ்வர அண்ணையை மற்ற எல்லாரிடமிருந்தும் தள்ளி, கதவுப் பக்கம் நிறுத்தினார். மைக்கை அணசுக்கு, அதாவது குழலின் விரிந்த வாய்க்கு, நேரே பிடிக்காமல் ஒரு மீட்டர் தள்ளி, துளைகள் இருக்கிற உயரத்தில் பக்கவாட்டாக வைத்தார். அண்ணைக்கு அது பெரிய சந்தோஷம். கோயிலில் ஸ்பீக்கர் போடுகிறவர்கள் எப்போதும் அணசுக்குள்ளேயே மைக்கைத் திணிப்பார்கள், ஊதுகிற நாணல் துண்டான சீவாளியின் கீச்சல் மட்டும் ஊருக்குக் கேட்கும், வாசிப்புக் கேட்காது என்பது அவருடைய நெடுநாள் மனக்குறை.

இதெல்லாம் முடிய பதினொன்று. இரண்டு மணித்தியாலம் ஒரு ஸ்வரம் வாசிக்கவில்லை. பொறுமை இல்லாத குழுக்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். மின்விசிறியும் நிறுத்த வேண்டும், பங்குனி வெயிலில், தகரத்துக்குக் கீழே. இடைக்கிடை வெளியே போய்க் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்து வாசித்தோம். அண்ணைக்குச் சீவாளி காய்ந்து காய்ந்து போனது, ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே நனைக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது தடவை கும்மி வாசித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. என் பேஸ் செத்தது, கீபோர்ட் செத்தது, கிற்றார் செத்தது. தம்பியின் பெட்டிக்கும் மடிகணினிக்கும் யூபிஎஸ் இருந்ததால் பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. டிரம்ஸ் பெடியன் என்னைப் பார்த்தான், நான் கையை விரித்தேன், அவனும் நிறுத்தினான். தபேலாக்காரரும் அண்ணையும் நிறுத்தவில்லை. அவர்களுக்குக் கரண்ட் எதற்கு? இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரு நிமிடம் தனியே போனார்கள், அண்ணை கண்ணை மூடிக்கொண்டு இழுத்த இழுப்பு இருக்கிறதே, அந்த ஸ்டூடியோவில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று தேடியது இதைத்தான் என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிடத்தைத் தனித் துண்டாகத் தரச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறோம்.

பில் எவன்ஸ் என்ற பியானோக்காரரின் மூவர் குழுவை 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயோர்க்கில் 'வில்லேஜ் வான்கார்ட்' என்ற நிலக்கீழ் கிளப்பில் பதிவு செய்தார்கள். அன்றைக்கு வாசித்த முதல் உருப்படியே கரண்ட் போனதால் நடுவில் அறுந்தது. பல வருடம் கழித்து முழுப் பதிவையும் வெளியிட்டபோது அந்த அறுந்த துண்டையும் சேர்த்தே போட்டார்கள். மற்றத் துண்டுகளில் கிளாஸ் முட்டுகிற சத்தம், ஆட்கள் கதைக்கிற சத்தம் எல்லாம் கேட்கும். பேஸ் வாசித்த ஸ்கொட் லாஃபாரோ பதினொரு நாள் கழித்து வாகன விபத்தில் இறந்துபோனார், வயது 25. பேஸ்காரன் என்பதால் எனக்கு அந்தப் பதிவு கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும். பின்னுக்கு நின்று தாளம் பிடிக்கிற வேலையை விட்டுவிட்டுப் பியானோவோடு சரிக்குச் சரி கதைக்கிற பேஸ் அது. ஆளுக்கு ஒரு அறை கொடுத்திருந்தால் அந்தக் கதையே நடந்திராது.

எங்கள் பதிவில் கிளாஸ் சத்தம் இல்லை, மயில் இருக்கிறது. இரண்டாவது உருப்படியின் நாலாவது நிமிடத்தில் வளவுக்குப் பின்னால் இருந்து ஒன்று அகவுகிறது, அதுவும் அண்ணை மூச்சு எடுக்கிற இடைவெளியில். வேண்டுமென்று வைத்தது என்று நினைக்கிறார்கள் கேட்டவர்கள். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ரோட்டால் போன தடவையை மட்டும் எறிந்துவிட்டோம், அதற்கு ஸ்ருதி இல்லை.

இனிக் குறைகள். இருக்கின்றன.

ஒன்று, பிறகு திருத்த ஏலாது. தபேலாவின் சத்தத்தைக் கூட்டினால் அதே மைக்கில் விழுந்த சிம்பலும் கூடும், மூட்டை மதில் எவ்வளவுதான் குடிக்கும். கடைசி உருப்படியில் நான் ஒரு இடத்தில் பிழையான ஸ்வரத்தில் இறங்கியிருக்கிறேன், அதை மட்டும் வெட்டி மாற்றலாமா என்று கேட்டேன், மாற்றலாம், ஆனால் பழைய ஸ்வரம் கிற்றார் மைக்கில் ஆவி மாதிரிக் கேட்கும் என்றார். அப்படியே விட்டோம். இதை அவர் தொடக்கத்திலேயே சொன்னவர், ஆகவே அவர் பிழை என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒட்டி வெட்டிப் பழகியவர்களுக்கு இது ஒத்துவராது. ஜாஸ்காரர் எல்லாரும் வெட்டுவதற்கு எதிரி என்றும் நினைக்க வேண்டாம். அதே மைல்ஸ் டேவிஸ் 1969இல் செய்த 'இன் எ சைலன்ட் வே' தட்டில், தயாரிப்பாளர் டியோ மசேரோ டேப்பை வெட்டி, தொடக்கப் பகுதியையே கடைசியிலும் ஒட்டி ஒரு பக்கத்தை முடித்திருக்கிறார். பில் எவன்ஸே 1963இல் தனி ஆளாக மூன்று பியானோவை ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிந்து ஒரு தட்டுப் போட்டார். ஆனால் அவர்கள் வெட்டியது வேறொன்றைச் செய்து பார்க்க, நாங்கள் வெட்டக் கேட்டது வெட்கத்துக்கு.

இரண்டாவது குறை பெரியது. பத்து நாளில் தருகிறேன் என்றவர் நாலு கிழமை எடுத்தார். போன் எடுத்தால் வற்றாப்பளைக் கோயிலுக்குப் போகிறேன், புளியம்பொக்கணைக் கோயிலுக்குப் போகிறேன் என்றார். சரி, சீசன். ஆனால் கடைசியில் வந்த பதிவைப் போட்டால், ஒவ்வொரு உருப்படி முடிவிலும் கைதட்டல்! நூறு பேர் தட்டுகிற சத்தம், நடுவில் ஒரு விசில் வேறு. களஞ்சியத்தில் இருந்தது நாங்கள் ஆறு பேர், தம்பி, பெரியப்பா, நாய். எடுத்துக் கேட்டேன். "லைவ் எண்டால் கைதட்டல் வேணும்தானே அண்ணை, எல்லாரும் கேக்கிறவை" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அவருக்கு எலிங்டன் கதையைச் சொன்னேன். டியூக் எலிங்டன் என்ற ஜாஸ்காரரின் குழு 1956 ஜூலை 7 அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் வாசித்தது. சாக்ஸபோன்காரர் போல் கொன்சால்வெஸ் 27 சுற்று நிறுத்தாமல் தனியாவர்த்தனம் போல வாசித்து மக்களைக் கதிரையில் இருந்து எழுப்பிவிட்டார். ஆனால் அவர் வாசித்தது வேறொரு வானொலிக்காரரின் மைக்கில், ரெக்கார்ட் கம்பனியின் மைக்கில் இல்லை. பிறகு ஸ்டூடியோவில் நிறையத் திரும்ப வாசித்து, கைதட்டலைச் சேர்த்துத்தான் தட்டு வந்தது. மற்ற மைக்கின் டேப்பையும் கண்டெடுத்துச் சேர்த்து உண்மையான கச்சேரியை 1999இல்தான் ஆட்கள் கேட்டார்கள். கதையைக் கேட்டுவிட்டுத் தம்பி அமைதியாக "அப்ப எலிங்டனே போட்டவர் தானே" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது. எப்படியோ, இரண்டு நாளில் கைதட்டல் இல்லாத பதிவு வந்தது. நீங்கள் கொடுக்கும்போது முதலே சொல்லி வையுங்கள், கைதட்டல் வேண்டாம், எக்கோ வேண்டாம் என்று.

பேஸ் சத்தமும் குறைவு. பேஸ்காரன் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் விடுகிறேன்.

காசுக் கணக்கு. ஒரு நாளுக்கு 32,000 ரூபா, நாலு உருப்படியும் கலந்து ஒழுங்காக்கித் தர 12,000, மொத்தம் 44,000. முதல் ஸ்டூடியோவில் மணித்தியாலத்துக்கு 2,500 படி 27 மணித்தியாலம் போனது, 67,500, அதுவும் மூன்றே உருப்படிக்கு. மிச்சம் பிடித்த காசை என்ன செய்தோம் என்றால், பிள்ளைகள் உள்ள தபேலாக்காரருக்கும் அண்ணைக்கும் ஒத்திகை நாளுக்குச் சம்பளம் கொடுத்தோம். இதுவும் ஜாஸில் படித்ததுதான். 'ப்ளூ நோட்' என்ற ரெக்கார்ட் கம்பனி பதிவுக்கு முன் நடக்கிற ஒத்திகைக்கும் காசு கொடுத்தது, அவர்கள் தட்டுகள் கட்டுக்கோப்பாக இருக்க அது ஒரு காரணம். நான் முன்னே சொன்ன அந்த இரண்டு நாள் தட்டைக் காட்டி 'ஒத்திகை என்னத்துக்கு, நேரே வாசிப்பம்' என்று கிளம்புகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். அதில் பேஸ் வாசித்த போல் சேம்பர்ஸும் சாக்ஸபோன் வாசித்த கொல்ட்ரேனும் 1955இலேயே மைல்ஸின் குழுவுக்கு வந்தவர்கள். நாலு வருடம் கிளப் கிளப்பாக வாசித்ததுதான் அவர்கள் ஒத்திகை. எலிங்டனிடம் ஹரி கார்னி என்று ஒரு சாக்ஸபோன்காரர் 1927இல் சேர்ந்து 1974இல் எலிங்டன் சாகும் வரைக்கும் இருந்தார். எங்கள் குழுவில் லீட் கிற்றார் வாசிக்க வந்தவர்கள் மூன்று வருடத்தில் நாலு பேர், இரண்டு பேர் பிரான்ஸ், ஒருவர் கட்டார். இப்போது இருப்பவனும் வெளிநாடு போக எழுதுகிற ஐஈஎல்ட்ஸ் ஆங்கிலப் பரீட்சை வகுப்புக்குப் போகிறான். ஆகவே இருக்கிற ஆறு பேரும் ஒன்றாக இருக்கும்போதே பதிந்து வைப்பது என்பதற்கு எங்கள் ஊரில் வேறு ஒரு அவசரமும் இருக்கிறது.

நாதஸ்வரம், தவில், உடுக்கு வாசிக்கிற ஆட்கள் 'ஜாஸ் கதை எங்களுக்கு எதுக்கு' என்று நினைத்தால் ஒன்று சொல்கிறேன். ஜோன் மெக்லோக்லின் என்ற கிற்றார்காரரின் 'சக்தி' குழுவின் முதல் தட்டு 1975இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக் கச்சேரியில் நேரடியாகப் பதிந்தது. கடம் விக்கு விநாயக்ராம், தபேலா சாகிர் உசேன், வயலின் எல். சங்கர். அந்தச் சங்கர் சின்ன வயதில் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில், தகப்பன் லட்சுமிநாராயணா அங்கே இசை படிப்பித்தவர், 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்குப் போனது. நாங்கள் மேடையில் இயல்பாகச் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள், ஒருவர் போட்டதை மற்றவர் வாங்கி, கூட்டி, திருப்பிக் கொடுப்பது. அதை மைக்குக்கு முன்னாலும் செய்ய விடுகிற ஆள் வேண்டும், தம்பி விடுகிறார்.

புள்ளி கேட்டால் பத்துக்கு எட்டு. ஒன்று தாமதத்துக்கும் ஒன்று அந்த விசிலுக்கும் குறைத்தேன். தனிப் பாடகர்கள், கரோக்கே டிராக்குக்குப் பாடுகிறவர்கள் இவரைக் கூப்பிட வேண்டாம், வீண் செலவு. புரட்டாதிக்குப் பிறகு தகரக் கூரை உள்ள இடத்துக்கும் கூப்பிட வேண்டாம், மழை வந்தால் முடிந்தது கதை.

நாங்கள் இன்னும் மூன்று உருப்படிக்கு ஆவணியில் வரச் சொல்லியிருக்கிறோம். ஒரே பிரச்சினை, போன கிழமை பெரியப்பா மூட்டையெல்லாம் விற்றுவிட்டார். சிறுபோக வெட்டு முடியும் வரைக்கும் நிற்பதா, இல்லை வீட்டு மெத்தைகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு போவதா என்று குழுவுக்குள் சண்டை நடக்கிறது. தம்பியிடம் கேட்டதற்கு "மெத்தை பரவாயில்லை அண்ணை, நெல் மாதிரி வராது" என்கிறார்.